காலை ஊன்றாமல் ஆறு வாரம்: இடுப்பு மூட்டு மாற்றியவரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: அம்மாவுக்கு வயது 66, எடை 60 கிலோ. குளியலறையில் வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. சிமென்ட் இல்லாத முழு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனைப் பின்பக்க வழியாகச் செய்திருக்கிறார்கள். செயற்கை மூட்டின் உலோகத் தண்டைத் தொடை எலும்புக்குள் இறக்கும்போது எலும்பில் விரிசல் விட்டதால் கம்பி சுற்றியிருக்கிறார்களாம். "ஆறு வாரம் கால் தரையைத் தொடலாம், ஊன்றக் கூடாது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே ஆபரேஷன்தான், அவர் மறுநாளே ஊன்றி நடந்தார். அம்மாவுக்கும் இப்போது வலி அதிகமில்லை. வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

பதில்:

பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டாம். சிமென்ட் வைத்துப் பொருத்திய மூட்டு என்றால், அந்தச் சிமென்ட் ஆபரேஷன் மேசையிலேயே கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். மறுநாளே முழு எடையையும் போடலாம். சிமென்ட் இல்லாத மூட்டிலும் தண்டு எலும்புக்குள் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால், தாங்கும் அளவுக்கு ஊன்றத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அம்மாவுக்குத் தடை போட்டதற்குக் காரணம் அந்த விரிசல். உள்ளே இறக்கிய உலோகத் தண்டு கீழ்நோக்கிக் கூம்பிய ஆப்பு மாதிரி. விரிசல் விட்ட கட்டையில் ஆப்பை அடித்தால் விரிசல் அகலும். மேலிருந்து எடை இறங்கும்போதும் அதுதான் நடக்கும். சுற்றிய கம்பி இப்போதைக்கு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எலும்பு விரிசலை மூடி, தண்டின் சொரசொரப்பான மேற்பரப்பைக் கவ்விக்கொள்ள 6 முதல் 12 வாரம் ஆகும். அதற்குள் ஊன்றினால் தண்டு சில மில்லிமீட்டர் கீழே இறங்கலாம், அல்லது முறுக்கிக்கொள்ளலாம். இறங்கினால் கால் குட்டையாகும், சுற்றியுள்ள தசைகள் தளர்ந்து மூட்டு நழுவ இடம் கிடைக்கும். சிலருக்கு மறு ஆபரேஷன் வரை போய்விடும்.

வலி குறைவாக இருப்பதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். முறிந்து வலித்த எலும்புத் துண்டை எடுத்தாகிவிட்டது. மீதி வலியை மாத்திரை அடக்கிவைத்திருக்கிறது. தண்டு அசைவதால் தொடையில் வலி தெரியும் நேரத்தில், அது ஏற்கெனவே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

"தொடலாம், ஊன்றக் கூடாது" என்பதைப் பலர் காலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு, மூட்டுக்கும் நல்லதல்ல. ஒரு காலின் எடை உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அம்மாவுக்கு அது 10 கிலோ. அந்தக் காலை அந்தரத்தில் பிடித்துக்கொள்ள இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் முழுவதும் இறுகி மூட்டை அழுத்தும். அதே காலைத் தரையில் மென்மையாக வைத்துவிட்டால் காலின் எடையைத் தரை வாங்கிக்கொள்ளும், தசை தளரும், மூட்டின் மேலுள்ள அழுத்தமும் குறையும். ஆகவே பாதம் முழுவதும், குதிகால் உட்பட, தரையில் படட்டும். காலின் சொந்த எடை மட்டுமே அதில் இருக்க வேண்டும், உடம்பின் எடை வரக் கூடாது. பாதத்துக்கு அடியில் ஒரு முட்டை இருக்கிறது, அது உடையக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தால் பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். விரல் நுனியை மட்டும் வைத்தால் முழங்கால் மடங்கி, கெண்டைச்சதை இறுகி, நடையே கோணலாகும்.

ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டில் விழுவது உடல் எடை மட்டும் என்று நினைக்காதீர்கள். உடம்பு ஒரு பக்கம் சாயாமலிருக்க, இடுப்பின் வெளிப்பக்கத் தசை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். அந்தத் தசை மூட்டுக்கு மிக அருகில் இருப்பதால் எடையைப் போல இரண்டு மடங்கு விசையோடு இழுத்தால்தான் சமன் ஆகும். பெர்லினில் ஆய்வாளர்கள் செயற்கை மூட்டுக்குள்ளேயே உணர்கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு, தடுக்கித் தடுமாறினால் ஏழு மடங்குக்கும் மேல். அம்மாவின் எடைக்கு அது 400 கிலோவைத் தாண்டும். ஆறு வாரக் கட்டுப்பாட்டையும் ஒரே ஒரு தடுமாற்றம் வீணாக்கிவிடும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

10 கிலோ அழுத்தம் எப்படி இருக்கும் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்குங்கள். முள் நகரும் பழைய வகை இதற்கு நல்லது, ஏனென்றால் டிஜிட்டல் கருவிகள் பல எண் நிலைத்த பிறகுதான் காட்டும். அம்மா வாக்கருக்குள் நிற்கட்டும். வலது காலுக்கு அடியில் கருவியின் உயரத்திலேயே ஒரு ஆடாத பலகை, இடது கால் கருவியின் மேல். முள்ளை நீங்கள்தான் படிக்க வேண்டும், அவர் குனிந்து பார்க்கக் கூடாது. மெல்ல அழுத்தச் சொல்லி, 10 வந்ததும் "போதும்" என்று நிறுத்துங்கள். பத்து முறை செய்த பிறகு, எண்ணைச் சொல்லாமல் அவரையே 10 கிலோ போடச் சொல்லிப் பாருங்கள். முதல் நாளில் 20, 25 என்று போனால் பதற வேண்டாம், ஏறக்குறைய எல்லோருக்கும் அப்படித்தான் போகும். தினமும் ஒரு முறை இதைச் சரிபாருங்கள், அதுவும் மாலையில். கை சோர்ந்த நேரத்தில்தான் கால் அதிக எடையை வாங்கும்.

வாக்கரில் சக்கரம் இல்லாத நான்கு கால் வகைதான் இந்தக் கட்டத்துக்கு ஏற்றது. உடல் எடையில் பெரும்பகுதியைக் கைகள் தாங்கும்போது சக்கரம் முன்னே உருண்டுவிடலாம். உயரம் வைக்க ஒரே அளவு போதும்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பும் கைப்பிடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். நான்கு கால்களிலும் உயரப் பொத்தான் ஒரே எண்ணிக்கையுள்ள துளையில் வெளியே துருத்தி நிற்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்று உள்ளே வாங்கியிருந்தால் எடை போட்டதும் அந்தக் கால் இறங்கிவிடும். அடியில் உள்ள ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். இரவல் வாக்கர்களில் இந்தக் குறை சாதாரணம். கைத்தடி இப்போது உதவாது. அது உடல் எடையில் கால் பங்கைக் குறைத்தாலே அதிகம்.

நடையின் வரிசை: வாக்கரை ஒரு சாண் முன்னே வைத்து நான்கு காலும் பதிந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு இடது காலை வாக்கரின் நடுப்பகுதி வரை கொண்டுபோய்த் தரையில் தொடவைக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளாலும் கைப்பிடியைக் கீழே அழுத்தி, முழங்கையை நிமிர்த்தி, வலது காலை இடது காலுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். குதிக்கக் கூடாது, இடது காலைத் தாண்டியும் வைக்கக் கூடாது. இந்த மூன்றாவது அசைவில் ஏறக்குறைய 50 கிலோ அம்மாவின் கைகளில் இருக்கும். அதனால் ஒரு நாளில் எத்தனை அடி என்று கணக்குப் பார்த்து ஊக்கப்படுத்த வேண்டாம். கட்டில், கழிப்பறை, நாற்காலி, சாப்பாட்டு மேசை, இவ்வளவு போதும். அதற்கு மேல் தூரம் என்றால் சக்கர நாற்காலி. கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, இரு கைகளையும் ஊன்றி உடம்பைச் சற்று எழுப்பி இறக்கும் பயிற்சியை ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை செய்தால் கைக்குப் பலம் வரும். மணிக்கட்டிலோ தோளிலோ பழைய வலி இருந்தால் முன்கையைத் தாங்கும் வகை வாக்கர் கிடைக்கிறது, பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

நேராக நடக்கும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். எழும்போது, திரும்பும்போது, படுக்கையில் நகரும்போது, இரவு அரைத் தூக்கத்தில் கழிப்பறைக்குப் போகும்போதுதான் கால் தன்னையறியாமல் ஊன்றிவிடும். உங்கள் கண் இருக்க வேண்டிய இடங்கள் இவை.

எழுவது: முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர வேண்டும். குனியாமல், பின்னால் சாய்ந்தபடி புட்டத்தை ஒவ்வொரு பக்கமாக நகர்த்தினால் போதும். இடது காலை முன்னே நீட்டிவிட வேண்டும். இந்த ஒரு செயல் தவறினால் மற்றதெல்லாம் தவறும், ஏனென்றால் இரண்டு கால்களும் மடங்கியிருந்தால் எழும்போது எடை இரண்டிலும் பாதிப்பாதியாக இறங்கும். வலது காலை உள்ளே இழுத்து, இரண்டு கைகளையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது மேலே கவிழும். நின்ற பிறகு ஒரு கை, அடுத்து மறு கை என்று வாக்கருக்கு மாற்ற வேண்டும். உட்காரும்போது இதே வரிசை தலைகீழாக: நாற்காலி வலது காலின் பின்புறம் தட்டும் வரை பின்னால் வந்து, இடது காலை முன்னே நீட்டி, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்குவது. "தொப்பென்று" விழுவது கூடாது.

இருக்கையின் உயரம் இங்கே முக்கியம். அம்மா நிற்கும்போது தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 42 செ.மீ. என்றால், மெத்தை அமுங்கிய பிறகும் 47 செ.மீ. இருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருப்பதுதான் நோக்கம். பள்ளமாக அமுங்கும் சோஃபா, ஊஞ்சல், சாய்வு நாற்காலி, தரை, மணை எதுவும் ஆகாது. கட்டிலையும் அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் நான்கு காலுக்கும் ஆடாத மரக்கட்டை கொடுத்து உயர்த்தலாம்.

பின்பக்க வழியாகச் செய்த ஆபரேஷனில் மூட்டு பின்புறமாக நழுவும் ஆபத்து முதல் 6 முதல் 12 வாரத்தில் அதிகம். அதனால் மூன்று அசைவுகள் கூடாது: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, இடது காலை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி வலப்புறம் கொண்டுபோவது, இடது காலை உள்நோக்கித் திருப்புவது. நம் வீடுகளில் இவை எங்கெல்லாம் நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கீழே விழுந்த மாத்திரை அட்டையை எடுப்பது, செருப்பு மாட்டுவது, காலடியில் கிடக்கும் போர்வையை இழுப்பது, பூஜை அறையில் கீழ்த்தட்டு விளக்கைத் தூண்டுவது, கால்மேல் கால் போடுவது. நீளக் கைப்பிடி இடுக்கி ஒன்று மருத்துவ உபகரணக் கடையில் கிடைக்கும், அதை வாக்கரிலேயே தொங்கவிடுங்கள். கூடவே ஒரு மஞ்சப்பையையும் கட்டிவிட்டால் போன், கண்ணாடி, தண்ணீர் பாட்டிலுக்கு ஆயிற்று. கையில் எதையும் பிடித்துக்கொண்டு வாக்கரில் நடக்க முடியாது.

திரும்புவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இடது பாதம் தரையில் இருக்கும்போதே உடம்பை இடப்புறம் திருப்பினால், அது இடது காலை உள்நோக்கித் திருப்பியதற்குச் சமம். மேலே சொன்ன மூன்றாவது அசைவு அதுதான். ஆகவே முடிந்தவரை வலப்புறமாகச் சுற்றி வரட்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலில் வாக்கர், பிறகு சின்னச் சின்ன அடிகள், கடிகார முள் நகர்வது போல. பாதத்தை ஊன்றியபடி சுழலக் கூடாது. யாராவது இடப்பக்கம் பின்னாலிருந்து கூப்பிட்டால் சட்டென்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. வீட்டில் உள்ளவர்கள் முன்னால் வந்து பேசுங்கள்.

படுக்கையில் ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கமாக இருக்கும்படி கட்டிலைப் போட்டால் கால் நடுக்கோட்டைத் தாண்டாது. இறங்கும்போது முழங்கைகளை ஊன்றி, இரண்டு கால்களும் உடம்பும் ஒரே கட்டையாகத் திரும்பி வர வேண்டும். நீங்கள் இடது காலைக் குதிகாலுக்குக் கீழே தாங்கிக் கொடுங்கள். மல்லாந்து படுக்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை இருக்கட்டும். படுக்கையில் மேலே நகர்வதற்கும் மலத்தட்டு வைப்பதற்கும் இரண்டு பாதங்களையும் ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொல்வது வழக்கம். அதைச் செய்யவே கூடாது. நடக்காமல் படுத்திருக்கும்போதே மூட்டில் பெரும் சுமை ஏறும் செயல் இது. வலது காலை மட்டும் மடக்கி ஊன்றி, கைகளின் பலத்தோடு நகரட்டும். கால்களை நேராக நீட்டித் தூக்கும் பயிற்சியும் இதே காரணத்தால் இப்போது வேண்டாம். முழங்கால் ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்து இவருக்கும் செய்யவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

கழிப்பறைக்கு வருகிறேன். தரைமட்டக் கழிப்பறை இப்போது முற்றிலும் கூடாது. வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கையும் பொதுவாக 40 செ.மீ. அளவில்தான் இருக்கும், அம்மாவுக்கு அது தாழ்வு. உயரம் மாற்றக்கூடிய கமோடு நாற்காலி வாங்கி, வாளியை எடுத்துவிட்டுக் கழிப்பறையின் மேலேயே நிறுத்தலாம். கைப்பிடியும் சேர்ந்தே கிடைக்கும். அதையே இரவில் வாளியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் அரைத் தூக்கத்தில் நடக்க வேண்டியதில்லை. வாங்கும் முன் குளியலறைக் கதவின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பல பழைய வீடுகளில் அது இரண்டு அடிதான், வாக்கர் நேராக நுழையாமல் சிக்கும். கழுவும்போது முன்னால் குனியக் கூடாது, உடம்பை இடப்புறம் முறுக்கவும் கூடாது. வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து, கை மட்டும் பின்னால் போகட்டும். கையால் பிடிக்கும் தண்ணீர்க் குழாய் இருந்தால் இது மிகச் சுலபம். ஈரத் தரையில் வாக்கரின் ரப்பர் வழுக்கும். குளித்தவுடன் தரையைத் துடைத்த பிறகே அவர் எழ வேண்டும். கால்மிதி, சுருண்டு கிடக்கும் பாய், தரையில் ஓடும் ஒயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். சேலையும் தரையைத் தொடும் நைட்டியும் வாக்கரின் காலில் மாட்டும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் உடை கட்டட்டும்.

பயிற்சி சிலவே: விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலைக் கட்டிலில் அழுத்தித் தொடைத் தசையை 5 நொடி இறுக்குவது, புட்டத் தசையை இறுக்குவது. குதிகாலைப் படுக்கையிலிருந்து எடுக்காமல் மெல்ல மடக்கி நீட்டுவதை டாக்டர் அனுமதித்தால் சேர்க்கலாம்.

பாத அசைவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது உண்மையான ஆபத்து, அம்மாவைப் போல நடை குறைந்தவர்களுக்கு இன்னும் அதிகம். அதற்கான மருந்தை ஊசியாகவோ மாத்திரையாகவோ பொதுவாக 35 நாள் வரை கொடுப்பார்கள். "வீட்டுக்கு வந்துவிட்டோமே" என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். காலுக்குத் தைலம் தேய்த்து நீவிவிடுவதும் கூடாது. உறைந்த ரத்தக்கட்டி இருந்தால் நீவுதலால் பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைச்சதை திடீரென்று வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108. பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, காலை உயர்த்தி வைத்தால் இறங்கிவிடும் வீக்கம் சில மாதம் இருக்கத்தான் செய்யும்.

தையல் சுமார் 12 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் காயத்தில் நீர் கசிந்தால், சிவந்து சூடாக இருந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். முன்கூட்டியே மருந்து போய்விட்டால் எந்தக் கிருமி என்பதைச் சோதனையில் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். திடீரென்று தாங்க முடியாத வலி வந்து, கால் குட்டையாகி உள்நோக்கித் திரும்பிக் கிடந்தால் மூட்டு நழுவியிருக்கிறது. காலை இழுத்துச் சரிசெய்ய முயலாமல், அசைக்காமல் ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டும்.

மாடிப்படி இந்த ஆறு வாரத்துக்கு வேண்டாம், கீழ்த்தளத்திலேயே படுக்கை போடுங்கள். டாக்டரிடம் போக ஆட்டோ சரிப்படாது. காரின் முன் இருக்கையை முழுதும் பின்னால் தள்ளிச் சாய்த்து, தலையணை வைத்து உயர்த்தி, அதன் மேல் வழுக்கும் பிளாஸ்டிக் உறை ஒன்றை விரித்தால் முதலில் உட்கார்ந்துவிட்டு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பலாம். கார் கிளம்பும் முன் அந்த உறையை உருவிவிடுங்கள்.

சாப்பாட்டில் புரதம் கூட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது ஒரு நாளைக்கு 60 முதல் 72 கிராம். இரண்டு முட்டை தருவது 12 கிராம்தான், பருப்பு, சுண்டல், பால், தயிர், மீன் என்று ஒவ்வொரு வேளையும் சேர்த்தால்தான் எட்டும். வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் மலச்சிக்கல் தரும். முதல் நாளிலிருந்தே நார்ச்சத்தும் தண்ணீரும் கொடுங்கள், போதாவிட்டால் மலமிளக்கி கேளுங்கள்.

இன்னொன்று, பலர் கேட்க மறப்பது: நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு தேய்ந்து மெலிந்திருக்கிறது என்றுதான் பொருள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை, வைட்டமின் டி அளவு, எலும்பை வலுப்படுத்தும் மருந்து ஆகிய மூன்றையும் நீங்களே எடுத்துக் கேளுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த முறிவு வலது இடுப்பில் வரக்கூடும்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே பார்த்துத்தான் அடுத்த கட்டம். ஆபரேஷன் குறிப்பையும் ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த முதல் எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோங்கள். தண்டு இறங்கியிருக்கிறதா என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். "இனி கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றலாம்" என்று சொன்னால் எத்தனை கிலோ, எத்தனை வாரம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பாதி எடை என்றால் அம்மாவுக்கு 30 கிலோ. இடது கால் நீளமாகிவிட்டது போலத் தோன்றுகிறது என்று அவர் சொல்லக்கூடும். பெரும்பாலும் தசை இறுக்கத்தால் இடுப்பு சாய்ந்திருப்பதன் விளைவு அது, சில மாதத்தில் சரியாகும். அவசரப்பட்டுச் செருப்புக்கு அட்டை வைக்க வேண்டாம். கைத்தடிக்கு மாறும் நாள் வந்தால் அது வலது கையில் இருக்க வேண்டும், நொண்டல் முழுதும் நிற்கும் வரை அதை விடக் கூடாது. புதிய எண் கிடைத்த அன்றே அந்த எடைக் கருவியை மறுபடி எடுத்து வையுங்கள். ஆறு வாரம் 10 கிலோவுக்குப் பழகிய காலுக்கு 30 கிலோ எவ்வளவு என்று தெரியாது. பயந்து ஊன்றாமலே நடப்பவர்களும் உண்டு, ஒரேயடியாக முழு எடையையும் போட்டுவிடுபவர்களும் உண்டு. பத்து முறை முள்ளைப் பார்த்து அழுத்திப் பழகிய பிறகு முதல் அடியை எடுத்து வைக்கட்டும்.